சப்1 நெல்லில் என்ன செய்தார்கள், அதையே மாட்டில் செய்ய முடியாதா?

திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி கேட்டிருக்கிறார்: "சி.ஆர். 1009 சப்1 விதை வாங்கி வைத்திருக்கிறேன். பக்கத்து வயல்காரர் அது மரபணு மாற்று நெல், போடாதீர்கள் என்கிறார். உண்மையா? இல்லையென்றால் ஆய்வகத்தில் என்னதான் செய்தார்கள்? அதையே செய்து என் ஜெர்சி கலப்பு மாட்டையும் கூடுதலாகக் கறக்க வைக்க முடியாதா?"

முதல் கேள்விக்குப் பதில் ஒரே சொல்: இல்லை. இந்தியாவில் விவசாயிகள் சாகுபடி செய்ய அனுமதி பெற்ற மரபணு மாற்றுப் பயிர் பருத்தி ஒன்றுதான். பி.டி. பருத்தியில் ஒரு மண் பாக்டீரியாவின் ஜீன் இருக்கிறது. பருத்திக்கும் பாக்டீரியாவுக்கும் எந்தக் காலத்திலும் மகரந்தச் சேர்க்கை நடக்காது என்பதால் அதை ஆய்வகத்தில்தான் செருகியாக வேண்டும். சப்1 என்பது நெல்லில் வெள்ளம் தாங்கும் ஜீன் இருக்கும் இடத்துக்கு வைத்த பெயர். சப்1 நெல்லில் அப்படி எதையும் செருகவில்லை. ஒரு நெல்லின் மகரந்தம் இன்னொரு நெல்லின் சூலில் விழுந்தது, அவ்வளவுதான். இடுக்கியால் பூவின் ஆண் பாகத்தைக் கிள்ளி எடுத்துவிட்டு, வேறு கதிரை அதன் மேல் உதறி, பட்டர் பேப்பர் உறை மாட்டும் வேலை. நானும் பல பருவங்கள் குனிந்து செய்திருக்கிறேன். முதுகு வலியைத் தவிர அதில் மர்மம் எதுவும் கிடையாது. ஆய்வகம் வருவது அதற்குப் பிறகுதான்.

வெள்ளம் தாங்கும் அந்த ஜீன் எந்த ஆய்வகத்திலும் பிறந்ததல்ல. ஒடிசாவின் வெள்ளப் பகுதிகளில் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகப் போட்டுவந்த தல்புட்டியா என்ற நாட்டு நெல்லில் இருந்தது. அதிலிருந்து பொறுக்கி எடுத்த வரிசைக்கு எஃப்.ஆர். 13ஏ என்று பெயர் வைத்தார்கள். எஃப்.ஆர். என்றால் வெள்ளம் தாங்குவது. முழுக்கத் தண்ணீருக்கடியில் இரண்டு வாரம் கிடந்தாலும் நீர் வடிந்ததும் மறுபடி துளிர்க்கும்.

எப்படித் தாங்குகிறது என்பது ரசமான விஷயம். சாதாரண நெல் மூழ்கினால் மூச்சுக்குத் தவித்து மேலே எழப் பார்க்கும். நீரில் வாயு பரவும் வேகம் காற்றில் இருப்பதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவு. அதனால் பயிருக்குள் சுரக்கும் எத்திலீன் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தேங்குகிறது. அது ஜிப்பரெல்லின் என்ற வளர்ச்சி ஊக்கியின் வேலையைத் தூண்டிவிட, தண்டும் இலையும் மடமடவென்று நீளுகின்றன. கையிருப்பு மாவுச்சத்தெல்லாம் அந்த ஓட்டத்திலேயே தீர்ந்துபோகும். பத்து நாள் கழித்துத் தண்ணீர் வடியும்போது வெளுத்த நூல்போல நீண்ட பயிர் சேற்றில் சாய்ந்து அழுகும். நீங்கள் நவம்பரில் பார்த்திருப்பீர்கள். சப்1ஏ என்ற அந்த ஜீன் இதே எத்திலீனைக் கண்டதும் நேர்மாறாக நடக்கிறது. ஜிப்பரெல்லினின் கையைக் கட்டிவிடுகிறது. பயிர் வளராமல், சேமிப்பைச் செலவழிக்காமல் அடங்கிக் கிடக்கிறது. கடன்காரன் வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு மூச்சுவிடாமல் இருப்பவனைப் போல.

அப்படியானால் எஃப்.ஆர். 13ஏ நெல்லையே போடலாமே என்று கேட்பீர்கள். அது உயரமாக வளர்ந்து சாயும், விளைச்சல் குறைவு, அரிசியும் சுமார். எனவே நல்ல ரகத்தோடு அதைக் கலக்கும் முயற்சி நெடுங்காலம் நடந்தது. வெள்ளம் தாங்கும், ஓரளவு விளையும் வரிசைகளும் கிடைத்தன. ஆனால் விவசாயிகள் அவற்றை ஏற்கவில்லை. கிழக்கு இந்தியாவின் விவசாயி கேட்டது புது ரகம் அல்ல; அவர் கேட்டது ஸ்வர்ணா. மாருட்டேரு ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த எம்.டி.யு. 7029, அதே அரிசி, அதே சந்தை, அதே வயது. அந்த ஒரு குறை மட்டும் நீங்க வேண்டும். டெல்டாவில் நாம் சி.ஆர். 1009-ஐ அப்படித்தானே கேட்கிறோம்? பொன்மணி என்று பெயர் வைத்தும் எண்ணைச் சொல்லியே வாங்குகிறோம். இட்லிக்கு அந்தக் குண்டு அரிசிதான் வேண்டும், வேறு எதைக் கொடுத்தாலும் முகம் சுளிப்போம்.

ஒரு குறையை மட்டும் மாற்றுவதுதான் பழைய முறையில் மிகக் கடினம். ஸ்வர்ணாவையும் வெள்ளம் தாங்கும் நெல்லையும் கலந்தால் பிள்ளை பாதிக்குப் பாதி. அதை மறுபடி ஸ்வர்ணாவோடு கலந்தால் சராசரியாக 75 சதவீதம் ஸ்வர்ணா. மூன்றாம் முறை 87.5, நான்காம் முறை 93.75. இதைப் பிற்கலப்பு என்போம். ஒவ்வொரு முறையும் எந்தச் செடியில் வெள்ளம் தாங்கும் குணம் தங்கியிருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் தொட்டியில் இரண்டு வாரம் மூழ்கடித்துப் பார்க்க வேண்டும். செத்தது போக மிஞ்சியதும் குற்றுயிராகக் கிடக்கும். அதைத் தேற்றிப் பூக்க வைத்து மறுபடி கலப்பதற்குள் பருவம் தவறிவிடும். அதைவிடப் பெரிய தொல்லை, ஜீன்கள் குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்து வீடுகள்போல வரிசையாக இருப்பது. வேண்டிய ஒன்றை இழுத்தால் அண்டை வீட்டாரும் கூடவே வருவார்கள்.

இங்கேதான் மூலக்கூறு மரபியல் கைகொடுத்தது. 1996இல் கெனோங் ஷூ, டேவிட் மெக்கில் இருவரும் வெள்ளம் தாங்கும் குணத்தில் பெரும்பங்கு 9ஆம் குரோமோசோமில் ஒரே இடத்தில் இருப்பதைக் காட்டினார்கள். 2006இல் அந்த ஜீன் எது என்பதே தெரிந்தது. இடம் தெரிந்துவிட்டால் செடியை மூழ்கடிக்கத் தேவையில்லை. ஜீனுக்கு அருகில் இருக்கும் டி.என்.ஏ. வேறுபாடு ஒன்றை அடையாளமாக வைத்துக்கொண்டு, அது இருக்கிறதா என்று பார்த்தால் போதும். அந்த அடையாளத்தைத்தான் மார்க்கர் என்கிறோம். ஊரில் ஒருவர் வீட்டைச் சொல்லும்போது "வேப்பமரத்துக்கு அடுத்த வீடு" என்பது மாதிரி. மரம் அந்த ஆள் அல்ல, ஆனால் மரத்தைப் பிடித்தால் ஆளைப் பிடித்துவிடலாம். மரம் வீட்டுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நம்பகம்.

வேலை நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். விதைத்த பதினைந்து இருபது நாளில், நாற்று விரல் நீளம் தாண்டியதும், ஒவ்வொன்றிலும் இலை நுனியைக் கொஞ்சம் கத்தரித்து எண் எழுதிய உறையில் போட்டு ஐஸ் பெட்டியில் வைப்போம். ஆய்வகத்தில் அரைத்து டி.என்.ஏ. பிரித்து, பி.சி.ஆர். இயந்திரத்தில் வேண்டிய துண்டை மட்டும் பெருக்கி, ஜெல்லில் ஓடவிட்டால் புற ஊதா ஒளியில் கோடுகள் தெரியும். ஒரு கோடு மட்டும் ஸ்வர்ணா உயரத்தில் இருந்தால் அந்த நாற்று நமக்கு வேண்டாம். இரண்டு கோடு தெரிந்தால் இரண்டு பெற்றோரின் வடிவமும் உள்ளே இருக்கிறது, வைத்துக்கொள்ளலாம். பூக்கும் முன்பே முடிவு தெரிந்துவிடுவதால் அதே பருவத்தில் அடுத்த கலப்பு. எல்லாம் நவீனம், ஆனால் நான் வேலை கற்ற இடத்தில் ஒரு வருடம் முழு உழைப்பும் பாழானது ஒரு பால்பாயிண்ட் பேனாவால். நாற்றங்கால் அட்டைகளில் எண்களை அதால் எழுதியிருந்தார்கள். ஒரே இரவு மழையில் மை கரைந்து, எந்த ஜெல் கோடு எந்த நாற்றுக்கு என்றே தெரியாமல் போனது. அதிலிருந்து பென்சில் மட்டும்தான். பென்சில் எழுத்து மழைக்கு அழியாது.

மார்க்கரின் அடுத்த பயன் இன்னும் அருமையானது. 75 சதவீதம் என்பது சராசரி; தனித்தனி நாற்றைப் பார்த்தால் ஒன்று 65, இன்னொன்று 85 என்று சிதறிக் கிடக்கும். எல்லாக் குரோமோசோம்களிலும் மார்க்கர் வைத்துப் பார்த்து 85ஐப் பொறுக்கிவிட்டால் கிட்டத்தட்ட ஒரு தலைமுறை மிச்சம். ஜீனுக்கு இரு பக்கமும் மார்க்கர் வைத்து, அண்டை வீட்டாரை எங்கே அறுத்துவிட முடியும் என்றும் பார்க்கலாம். இப்படி இரண்டு மூன்று பிற்கலப்பிலேயே ஸ்வர்ணா சப்1 தயாரானது. இந்தியாவில் 2009இல் வெளியானது. அப்படியும் ஓர் அண்டை வீட்டுக்காரர் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஸ்வர்ணா நெல்லின் உமி பொன்னிறம். பெயரே அதனால்தான் பொருந்துகிறது. ஸ்வர்ணா சப்1 நெல்லின் உமி வைக்கோல் நிறம். உமி நிறத்தைத் தீர்மானிக்கும் ஜீன் சப்1 பக்கத்திலேயே குடியிருக்கிறது. விளைச்சலுக்கோ சோற்றுக்கோ அதனால் பாதகமில்லை. சொல்லப்போனால் இரண்டு விதையையும் பிரித்துப் பார்க்க அது வசதியாகவே ஆகிவிட்டது.

உங்களிடம் இருக்கும் சி.ஆர். 1009 சப்1 இதே வழியில் வந்ததுதான். வீரிய ஒட்டு ரகம் அல்ல என்பதால் விதை எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் விதைக்கடையில் சொல்லாத மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். நீங்கள் நேரடி விதைப்பு செய்பவராயின், விதைத்த கையோடு மழை கொட்டி வயலில் தண்ணீர் கட்டினால் சப்1 காப்பாற்றாது. முளைக்கும் கட்டத்தில் நீருக்கடியில் தாங்குவதற்கு வேறு ஜீன் வேண்டும். மியான்மர் நாட்டு நெல் ஒன்றில் அதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள், உங்கள் விதையில் அது இல்லை. அடுத்தது, பயிர் முழுக்க மூழ்கி இரண்டு வாரத்துக்குள் வடிவதுதான் சப்1 தாங்கும் வெள்ளம். முழங்கால் தண்ணீர் மாதக்கணக்கில் தேங்கி நிற்கும் பள்ளக்காலுக்கு அது மருந்து ஆகாது. கலங்கல் நீரானால் வெளிச்சம் இறங்காது, தாங்கும் நாள் இன்னும் குறையும். கடைசியாக, பூக்கும்போதும் அறுவடை நேரத்திலும் வரும் மழைக்கு இதில் எந்தப் பாதுகாப்பும் கிடையாது. வடிகாலைத் தூர்வாராமல் சப்1ஐ நம்பி இருந்துவிடாதீர்கள்.

மார்க்கர் இல்லாமல் நடந்திருக்கவே முடியாத வேலை ஒன்றையும் சொல்ல வேண்டும். நாம் பி.பி.டி. என்று சொல்லும் சம்பா மசூரிக்குப் பாக்டீரியா இலைக்கருகல் பெரிய எதிரி. ஐதராபாத் நெல் ஆராய்ச்சி நிறுவனமும் அங்கேயே உள்ள செல், மூலக்கூறு உயிரியல் மையமும் சேர்ந்து அதில் மூன்று எதிர்ப்பு ஜீன்களை ஒன்றாகக் கொண்டுவந்தார்கள், 2008இல் வெளியானது. ஒரு ஜீன் இருந்தாலே இலை நோயில்லாமல் இருந்தால், உள்ளே இருப்பது ஒன்றா மூன்றா என்று கண்ணால் பார்த்து எப்படிச் சொல்வது? போதாக்குறைக்கு அந்த மூன்றில் இரண்டு ஒடுங்கு பண்பு. ஜீன் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரண்டு பிரதியாக வரும்; ஒரு பிரதி மட்டும் இருக்கும்போது செடி அதை வெளிக்காட்டாது. ஜெல்லில் பார்த்தால் மூன்றும் தனித்தனிக் கோடுகளாக நிற்கும்.

பக்கத்து வயல்காரர் குழம்பியதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். 2025 மே மாதம் ஒன்றிய அரசு மரபணு திருத்திய இரண்டு நெல் ரகங்களை அறிவித்தது. ஒன்று சம்பா மசூரியிலிருந்து வந்த கமலா, இன்னொன்று எம்.டி.யு. 1010 நெல்லிலிருந்து வந்தது. வேறு உயிரினத்தின் ஜீனைச் செருகாமல், நெல்லின் சொந்த ஜீனில் ஒரு சிறு இடத்தை வெட்டித் திருத்தும் முறை அது. அதைப் பற்றிய விவாதம் தனி. சப்1 அந்த வகையிலும் சேராது.

இனி மாடு. முதலில் கசப்பான பதில்: உங்கள் தொழுவத்தில் நிற்கும் மாட்டை எந்த மரபியலும் மாற்றாது. அவள் கன்றை மாற்றலாம். அதுவும் சினை ஊசியில் வரும் காளையைத் தேர்ந்தெடுப்பதன் வழியாகத்தான்.

சப்1 மாதிரி ஒற்றை ஜீன் விவகாரம் கால்நடையிலும் உண்டு. சுந்தரவனத்துச் சதுப்பில் மேயும் கரோல் என்ற சின்னஞ்சிறு செம்மறி இரண்டு, மூன்று குட்டிகள் போடும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய ஆடுகள் வழியாக அந்த ஜீன் அங்குள்ள பூரூலா மெரினோ மந்தைக்குள் போனதாகக் கருதுகிறார்கள். 2001இல் அது எந்த ஜீனில் எந்த எழுத்து மாற்றம் என்பது தெரிந்தது. மகாராஷ்டிரத்தின் பல்டனில் உள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் கரோலைத் தக்காணி ஆட்டோடு கலந்து, அந்த ஜீனை மட்டும் வைத்துக்கொண்டு உடலைத் தக்காணியாக மீட்டெடுத்தது. நெல்லில் பார்த்த அதே பிற்கலப்பு. இனத்துக்கு வைத்த பெயரும் நாரி சுவர்ணா. கிடா குட்டி போடாதே, அதனிடம் ஜீன் இருப்பது எப்படித் தெரியும்? கொஞ்சம் ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு பிரதி இருந்தால் பெரும்பாலும் இரட்டைக் குட்டி, மேய்ப்பவருக்கு லாபம். இரண்டு பிரதி ஆனால் குட்டிகள் பெருகி, பால் போதாமல் சாவும் பெருகும். எனவே தீவனம் எவ்வளவு கொடுக்க முடியும் என்று பார்த்துத்தான் எத்தனை பிரதி வேண்டும் என்பதே முடிவாகும்.

பால் அப்படி ஒற்றை ஜீனில் இல்லை. ஆயிரக்கணக்கான இடங்களில் சிதறிக் கிடக்கிறது. ஒவ்வொன்றும் கொடுப்பது சொட்டுச் சொட்டு. காளையோ கறக்காது. அதன் மகள்கள் பிறந்து, வளர்ந்து, சினைப்பட்டு, கன்று போட்டு, கறந்த பாலை அளந்த பிறகே காளையின் தரம் தெரியும். ஐந்தாறு வருடம் உறைவிந்தைச் சேமித்து வைத்துக் காத்திருந்தார்கள். 2001இல் மியூவிசன், ஹேய்ஸ், கோடார்ட் மூவரும் வேறு வழி சொன்னார்கள். எந்த ஜீன் என்று தேடவே வேண்டாம். மரபணுத் தொகுதி முழுவதும் பல்லாயிரம் மார்க்கர்களைப் பரப்பி, மகள்களின் பால் கணக்கு ஏற்கெனவே தெரிந்த காளைகளை வைத்து ஒவ்வொரு மார்க்கருக்கும் ஒரு மதிப்பெண் போடு. புதிதாகப் பிறந்த கன்றின் மதிப்பெண்களைக் கூட்டு. சுமார் 54,000 மார்க்கரை ஒரே தடவையில் பார்க்கும் சிப் வந்ததும் அமெரிக்காவில் 2009 ஜனவரி முதல் இது அதிகாரப்பூர்வமானது. காளைகளுக்குத் தகப்பனாகும் காளையின் வயது சுமார் 7 வருடத்திலிருந்து இரண்டரை வருடத்துக்கும் கீழே இறங்கியது.

அதே தரவிலிருந்து ஒரு பழைய கொலையும் துலங்கியது. 1962இல் பிறந்த பானி ஃபார்ம் அர்லிண்டா சீஃப் என்ற ஹோல்ஸ்டைன் காளையின் ரத்தம் இன்றைய அந்த இனத்தில் ஏறக்குறைய 14 சதவீதம். 2011இல் கணக்குப் பார்த்தவர்கள் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். சில டி.என்.ஏ. துண்டுகளை ஒரு பிரதியாகச் சுமக்கும் மாடுகள் நிறைய; இரண்டு பிரதியாகச் சுமக்கும் மாடு ஒன்றுகூட இல்லை. இருக்க வேண்டியவை ஏன் இல்லை? கருவிலேயே செத்துவிட்டன. அப்படி ஒரு துண்டு சீஃப் வழியாக வந்தது. அதனால் உலகமெங்கும் சுமார் 5,25,000 கருச்சிதைவுகள் என்று பின்னால் மதிப்பிட்டார்கள். நட்டம் 42 கோடி டாலர். சீஃப் கொடுத்த பால் பெருக்கத்தின் மதிப்போ 3,000 கோடி டாலர். பாலை மட்டும் பார்த்து ஒரே காளையின் பின்னால் ஓடியதற்கான விலை அது. இன்று அந்த ஜீனைச் சுமக்கும் காளையையும் பசுவையும் சேர்க்காமல் தவிர்க்க ஒரு பரிசோதனை போதும்.

நம் நாட்டில் ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்பவர்கள் ஆய்வகத்தைக் குறை சொல்வார்கள். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. சிப் இருக்கிறது: 2021இல் ஐதராபாத்திலிருந்து நாட்டு மாடுகளுக்கான இண்டிகௌ, 2024 அக்டோபரில் மாட்டுக்கு கௌ சிப், எருமைக்கு மகிஷ் சிப். ஹோல்ஸ்டைனுக்குப் போட்ட மதிப்பெண்ணை எடுத்துவந்து, பாதி ஜெர்சியும் பாதி நாட்டு மாடுமாக நம் வெயிலில் வைக்கோல் தின்று கறக்கும் பசுவுக்குப் பொருத்தினால் கணக்கு தப்பும். நமக்கான மதிப்பெண்ணை நம் மாடுகளின் பாலை அளந்துதான் போட வேண்டும். இரண்டு மாடு, மூன்று மாடு வைத்திருக்கும் லட்சக்கணக்கான வீடுகளில் அந்த அளவை யார் எழுதுகிறார்கள்? சொசைட்டியில் ஊற்றிய பாலுக்குக் கணக்கு இருக்கிறது. எந்த மாடு எவ்வளவு கறந்தது, தகப்பன் எது என்பதற்கு இல்லை. தேசிய பால்வள வாரியம் சில பகுதிகளில் இந்தக் கணக்கெடுப்பை நடத்துகிறது. அந்த ஊர்க் காளைகளின் மதிப்பெண் நம்பத்தக்கதாக இருப்பதற்கு அதுவே காரணம்.

உங்கள் மாட்டுக்கு இப்போது செய்யக்கூடியது சின்ன வேலை. காதில் மாட்டியிருக்கும் மஞ்சள் வில்லையின் 12 இலக்க எண்ணை ஒரு நோட்டில் எழுதுங்கள். மாதம் ஒரு நாள் காலை, மாலை இரண்டு கறவையையும் தனித்தனியாக அளந்து குறியுங்கள். ஈன்ற தேதி, பருவத்துக்கு வந்த தேதி, எத்தனை ஊசியில் சினை நின்றது என்பதும் வேண்டும். பாலை விடச் சினை பிடிக்காத குறைதான் நம் கலப்பு மாடுகளில் அதிகம் கையைக் கடிக்கிறது. ஊசி போட வருபவரிடம் மகள்களின் பால் கணக்கு உள்ள காளை கிடைக்குமா என்று கேளுங்கள். அதே காளையின் மகளுக்கு அதே காளையைப் போட விடாதீர்கள். உறைவிந்துக் குச்சியை அவர் வீசுவதற்கு முன் அதன்மேல் அச்சிட்டிருக்கும் காளை எண்ணைப் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். பென்சிலால்.